கலைஞ்சிருச்சா, கலைச்சாங்களா? – ஒரு மௌனத்தை எண்ணப் போனவர்கள்

எங்கள் பரவைப் பக்கம், ஒரு கர்ப்பம் பிள்ளையாகாமல் முடிந்துபோவதைச் சொல்ல இரண்டு சொற்கள் புழங்குகின்றன. "கலைஞ்சிருச்சு" என்பது ஒன்று. "கலைச்சுட்டா" என்பது இன்னொன்று. எழுதிப் பார்த்தால் ஞ் இருந்த இடத்தில் ச் வந்திருக்கிறது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதேதான். கூட்டம் கலைந்தது, கூட்டத்தைக் கலைத்தார்கள். முதல் வாக்கியத்தில் செய்தவர் என்று யாரும் இல்லை. இரண்டாவதில் ஒருத்தர் இருக்கிறார். முதல் சொல்லைக் கேட்டால் ஊர் "அடப் பாவமே" என்று சொல்லி, ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாகப் பார்க்க வரும். இரண்டாவதைக் கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொள்ளும்.

அதனால் நடைமுறையில் என்ன ஆகிறது? இரண்டுக்குமே "கலைஞ்சிருச்சு" என்றுதான் சொல்லப்படுகிறது. இல்லையென்றால் "டி அண்ட் சி பண்ணுனாங்க", "கிளீன் பண்ணிட்டு வந்தாங்க", "வயித்துவலின்னு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா" என்று செய்தவரே இல்லாத வாக்கியங்கள். கருக்கலைப்பைச் சுற்றியிருக்கும் சமூகக் களங்கத்தை எப்படி அளப்பது என்று சில மாதங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க எனக்குத் தோன்றியது இது: இந்தக் களங்கத்தை நேராக யாரும் அளந்துவிட முடிவதில்லை. எண்ண வந்த ஒவ்வொருவரும் முட்டிக்கொண்ட மௌனம் எவ்வளவு பெரியதோ, அதுதான் கிட்டத்தட்ட அதன் அளவு.

முதலில் இரண்டு எண்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019-21-இல் நடந்தது. வீடு வீடாகப் போய், முந்தைய ஐந்தாண்டுகளில் உண்டான கர்ப்பங்கள் எப்படி முடிந்தன என்று பெண்களிடமே கேட்டார்கள். கலைத்தோம் என்று சொல்லப்பட்டவை, மொத்தக் கர்ப்பங்களில் சுமார் 3 சதவீதம். தானாகக் கலைந்தது என்று சொல்லப்பட்டவை அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இன்னொரு ஆய்வு 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் 2018 ஜனவரியில் அச்சானது. அவர்கள் பெண்களிடம் கேட்கவில்லை. கருக்கலைப்பு மாத்திரைகளின் விற்பனைக் கணக்கையும், தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களின் மருத்துவமனைகளில் எடுத்த கணக்கையும் வைத்துக் கணித்தார்கள். 2015-இல் இந்தியாவில் நடந்தவை 1 கோடியே 56 லட்சம். அந்த ஆண்டின் மொத்தக் கர்ப்பங்களில் மூன்றில் ஒரு பங்கு. அதே காலத்தில் அரசுப் புள்ளிவிவரத்தில் பதிவாகியிருந்தவை ஆண்டுக்கு ஏறத்தாழ 7 லட்சம்தான்.

வாயால் சொன்னது 100-க்கு 3. மாத்திரைக் கணக்கு காட்டுவது 100-க்கு 33. இந்த இடைவெளி முழுவதும் வெட்கத்தால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் சரியாக ஒரே ஆண்டுகளைப் பற்றியவை அல்ல, மறதியும் உண்டு, கணிப்பு முறைகளுக்கே உரிய தளர்வும் உண்டு. அதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மிச்சம் மலைபோல இருக்கிறது. இது நம் நாட்டு வியாதி மட்டுமில்லை. அமெரிக்காவில் 2002-இல் நடந்த தேசிய ஆய்வில் பெண்கள் சொன்ன எண்ணிக்கை, மருத்துவமனைகள் வழியாகத் தெரிந்த எண்ணிக்கையில் பாதிகூட இல்லை. சட்டம் அனுமதித்து முப்பது ஆண்டு ஆகியும் அங்கே அந்த நிலைமை.

பெயர் பதிவான காலம்

எண்ணிக்கையின் கதை நம் பக்கம் நீதிமன்றத்தில் தொடங்குகிறது. 1860-இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்தாலொழிய, கருவைக் கலைப்பவருக்கு 3 ஆண்டு வரை சிறை என்றது. வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிய பிறகு என்றால் 7 ஆண்டு வரை. அதன் விளக்கத்தில் இன்னொரு வரியும் உண்டு. தனக்குத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இந்தப் பிரிவுக்குள் வருவாள்.

1886-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் பெயர் ஆதெம்மா. அவருடைய கர்ப்பம் ஒரு மாதம். கரு என்று சொல்லும்படி உருவம் எதுவும் இல்லாத நிலையில் இது குற்றமாகாது என்று கீழ் நீதிமன்றம் விட்டுவிட்டது. உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கரு உண்டான நேரத்திலிருந்தே அவள் கர்ப்பிணிதான் என்று சொல்லி விடுதலையை ரத்து செய்தது. சட்டப் புத்தகங்களில் இன்றும் இந்தத் தீர்ப்பு மேற்கோளாக வருகிறது.

எனக்கு அந்தத் தீர்ப்பை விட அதன் பின்னால் இருக்கும் ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. ஒரு மாதக் கர்ப்பம் வெளியே தெரியாது. நாள் தள்ளிப்போனது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும், மிஞ்சிப் போனால் அக்கம்பக்கத்துக்குத் தெரியும். அது போலீஸ் வரைக்கும், பிறகு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது என்றால், வழியில் எத்தனை வாய்கள் பேசியிருக்க வேண்டும்? சட்டம் கருவியைக் கொடுத்தது. அதை எடுத்துக் கொடுத்த கை ஊருடையது.

அந்தக் காலத்தில் இப்படிச் சிக்கியவர்கள் பெரும்பாலும் யார் என்பதற்கு வடக்கே சில தடயங்கள் உண்டு. ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் 1863-இல் புனேயில், கர்ப்பமான விதவைகள் ரகசியமாகப் பிள்ளை பெற ஒரு இல்லம் தொடங்கினார்கள். 1881-இல் சூரத்தில் விஜயலட்சுமி என்ற இளம் விதவைக்குத் தன் பிள்ளையைக் கொன்றதாகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் குறைக்கப்பட்டது. அதையொட்டிப் பத்திரிகைகளில் எழுந்த ஏச்சுக்குப் பதிலாகத்தான் தாராபாய் ஷிண்டே 1882-இல் 'ஸ்திரீ புருஷ துலனா' என்ற புத்தகத்தை மராத்தியில் எழுதினார். சிசுக்கொலையும் கருக்கலைப்பும் ஒன்றல்ல, ஆனால் இரண்டிலும் கூண்டில் நின்றது பெரும்பாலும் புருஷன் இல்லாத பெண். புருஷன் உள்ளவள் செய்தால் அது வீட்டு விஷயம்.

73-க்கு 25

சுதந்திரத்துக்குப் பிறகு அரசு முதன்முதலில் இதைக் குற்றக் கணக்காக இல்லாமல் சுகாதாரக் கணக்காகப் பார்க்க முயன்றது 1964-இல். அப்போதைய மகாராஷ்டிர சுகாதார அமைச்சர் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு. 1966 டிசம்பரில் அறிக்கை கொடுத்தார்கள். 73 பிள்ளைகள் உயிரோடு பிறந்தால், 25 கர்ப்பங்கள் கலைகின்றன. அந்த 25-இல் 15 வேண்டுமென்றே கலைக்கப்பட்டவை. 50 கோடி ஜனத்தொகைக்கு ஆண்டுக்கு 65 லட்சம், அதில் 39 லட்சம் கலைக்கப்பட்டவை.

வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு இல்லை இது. கிடைத்த சிறிய தகவல்களை நாடு முழுக்க விரித்துப் போட்ட மதிப்பீடு. ஆனால் வேறு எண் இல்லாததால் இதுவே நிலைத்துவிட்டது. 1994-இல் வந்த ஒரு புத்தகம் இதே விகிதத்தை 1991 மக்கள்தொகையோடு பெருக்கி, ஆண்டுக்கு 67 லட்சம் கருக்கலைப்பு என்றது. அடுத்த இருபது ஆண்டுகள் அந்த எண்ணே எல்லாக் கட்டுரைகளிலும் வந்தது. 1966-இன் ஊகம் 2015 வரைக்கும் ஓடியிருக்கிறது. நெல்லுக்கும் பருத்திக்கும் வருஷா வருஷம் கணக்கு எடுத்த நாடு இது.

ஷா குழுவின் அறிக்கையிலிருந்துதான் 1971-இன் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. உலகத்தில் பல நாடுகளுக்கு முன்னாலேயே இந்தியா இதைச் செய்தது என்று பெருமையாகச் சொல்வார்கள், நியாயம்தான். ஆனால் சட்டத்துக்குள்ளேயே களங்கம் எழுதப்பட்டிருந்தது. கருத்தடை முறை தோற்றுப்போய் உண்டான கர்ப்பத்தைக் காரணமாகச் சொல்லலாம் என்ற சலுகை, "மணமான பெண்ணோ அவள் கணவரோ" பயன்படுத்திய முறைக்கு மட்டும். மணமாகாத பெண்ணுக்கு கருத்தடை தோற்கும் என்பதையே சட்டம் ஐம்பது ஆண்டுகள் ஒத்துக்கொள்ளவில்லை. 2021 திருத்தத்தில்தான் அது "எந்தப் பெண்ணோ அவள் துணைவரோ" என்று மாறியது.

இதோடு 1975 ஒழுங்குமுறைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கருக்கலைப்புக்கான சேர்க்கைப் பதிவேடு ரகசிய ஆவணம். மருத்துவமனையின் மற்ற ஏடுகளில், நோயாளி தாளிலும் ஆபரேஷன் தியேட்டர் பதிவிலும், பெண்ணின் பெயர் வரக்கூடாது. வரிசை எண் மட்டும்தான். 1886-இல் ஒரு பெண்ணின் பெயர் சட்டப் புத்தகத்தில் ஏறி 140 ஆண்டாக நிற்கிறது. 1975-க்குப் பிறகு பெயருக்குப் பதில் எண். இது பெரிய முன்னேற்றம், பல பெண்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதே சமயம் இன்னொரு விளைவும் உண்டு. எல்லாரும் எண்ணாக மறைந்துபோனதால், "நம்ம தெருவில் யாரும் இப்படிச் செய்ததில்லை" என்று ஒவ்வொரு தெருவும் நம்ப முடிகிறது.

உசிலம்பட்டியின் நிழல்

மதுரைக்காரர்கள் இந்த விஷயத்தைப் பேசும்போது ஒரு ஊர்ப்பெயரைத் தாண்டிப் போக முடியாது. 1986 ஜூனில் 'இந்தியா டுடே' உசிலம்பட்டி வட்டாரத்தின் பெண் சிசுக்கொலை பற்றி அட்டைப்படக் கட்டுரை போட்டது. அதற்குப் பிறகு அந்த வட்டாரத்துக்கே அது அடையாளமாகிவிட்டது. 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. கருவிலேயே பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் நிறைவேறி, 1996 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. மதுரையில் எந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும் அந்தப் பலகையைப் பார்க்கலாம்: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது, கேட்பதும் சொல்வதும் குற்றம்.

அந்தச் சட்டம் வேண்டியதுதான். ஆனால் சிசுக்கொலை, கருக்கொலை, கருக்கலைப்பு என்ற மூன்று சொற்களும் சுவரொட்டிகளிலும் பட்டிமன்றங்களிலும் ஒன்றோடொன்று குழம்பிப் போயின. பிறந்த குழந்தையைக் கொல்வது கொலைக் குற்றம். பெண் என்று தெரிந்து கலைக்க ஸ்கேன் பார்ப்பது 1994 சட்டப்படி குற்றம். வேண்டாத கர்ப்பத்தை, சட்டம் சொல்லும் காரணத்துக்காக, தகுதியுள்ள மருத்துவரிடம் கலைத்துக்கொள்வது 1972-இலிருந்து அனுமதிக்கப்பட்ட சிகிச்சை. மூன்றும் மூன்று. ஆனால் "கலைக்கிறதே சட்டப்படி தப்புதானே?" என்று படித்தவர்களே கேட்பதைப் பார்க்கிறேன். நாடு முழுக்க நடந்த ஆய்வுகளிலும் இது அனுமதிக்கப்பட்டது என்பதே தெரியாத பெண்கள் ஏராளம். சட்டம் மாறி ஐம்பது ஆண்டு ஆனபின்னும் ஊர்க்காற்றில் 1860-தான் வீசுகிறது.

கேள்வித்தாளுக்குள் களங்கம்

நேராகக் கேட்டால் சொல்லமாட்டார்கள் என்று தெரிந்ததும் புள்ளியியல்காரர்கள் தந்திரங்கள் கண்டுபிடித்தார்கள். 1965-இல் ஸ்டான்லி வார்னர் என்பவர் ஒரு முறையை முன்வைத்தார். அதிலிருந்து வளர்ந்த எளிய வடிவம் இது. பெண்ணின் கையில் ஒரு நாணயம். மறைவாகச் சுண்டிப் பார்க்க வேண்டும். தலை விழுந்தால் எதுவாக இருந்தாலும் "ஆமாம்" என்று சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். கேட்பவருக்கு எது விழுந்தது என்று தெரியாது, அதனால் "ஆமாம்" சொன்னவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு பேச்சுக்கு 1,000 பேரிடம் கேட்டு 560 பேர் "ஆமாம்" என்றால், அதில் 500 நாணயத்தின் கணக்கு. மிச்சம் 60, பூ விழுந்த 500 பேரிலிருந்து வந்தது. அதாவது 12 சதவீதம். யார் என்று தெரியாமலே எத்தனை என்று தெரிந்துவிடும். அமெரிக்காவின் வட கரோலினாவில் கருக்கலைப்பைக் கணக்கிடவே இந்த வகை முறையைப் பயன்படுத்தி 1970-இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

இதெல்லாம் எண்ணிக்கைக்கான வழி. களங்கத்தையே அளக்க முயன்றது ரொம்பப் பிந்தித்தான். 'ஸ்டிக்மா' என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் அடிமை, குற்றவாளி உடம்பில் குத்தும், சுடும் அடையாளம் என்று பொருள். நம்மூரில் சூடு போட்ட வடு என்று சொல்லலாம். 1963-இல் எர்விங் கோஃப்மன் அதைச் சமூகவியல் சொல்லாக்கினார். 2009-இல் அனுராதா குமார், லெய்லா ஹெசினி, எல்லன் மிட்செல் மூவரும் கருக்கலைப்புக்கு அதைப் பொருத்தி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் ஒரு சுழலைக் காட்டினார்கள். பெண்கள் வெளியே சொல்வதில்லை. சொல்லாததால் அபூர்வமான காரியம் போலத் தெரிகிறது. அபூர்வம் என்றால் ஒழுங்கு தவறியது என்று ஆகிறது. அதனால் அடுத்தவளும் சொல்வதில்லை.

பிறகு அளவுகோல்கள் வந்தன. 2013-இல் அமெரிக்காவில் 20 வாக்கியங்கள் கொண்ட ஒன்று. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்களிடமே கேட்பது. மற்றவர் என்ன நினைப்பார் என்ற பயம், தனிமை, தன்னைத் தானே குறை சொல்வது, சுற்றத்தின் கண்டனம் என்று நான்கு பகுதிகள். 2014-இல் கானாவிலும் ஜாம்பியாவிலும் சோதித்த 18 வாக்கியங்கள் கொண்ட இன்னொன்று. இது ஊராரிடம் கேட்பது. அந்தப் பெண்ணைப் பற்றிய மட்டமான எண்ணம், ஒதுக்கிவைத்தல், அவளால் மற்றவருக்கும் கெடுதல் ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சம் என்று மூன்று பகுதிகள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முழுதும் ஒத்துக்கொள்கிறேன் முதல் முழுதும் மறுக்கிறேன் வரை ஐந்து படிகள்.

இந்த மாதிரி வாக்கியங்களை நம் ஊர்த் தமிழுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். முதல் சொல்லிலேயே இடறுகிறது. "பாவம்". தமிழில் இதற்கு இரண்டு முகம். "பாவம் பண்ணிட்டா" என்றால் பழி. "பாவம், பண்ணிட்டா" என்றால் இரக்கம். ஒரு கால்புள்ளி, பேச்சில் ஒரு மூச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். "கருவைக் கலைத்தவள் பாவம்" என்ற வாக்கியத்துக்கு "முழுதும் ஒத்துக்கொள்கிறேன்" என்று ஒரு பாட்டி சொன்னால் அதை எந்தக் கட்டத்தில் போடுவது? பல நேரம் அந்தப் பாட்டி இரண்டையும் சேர்த்தேதான் சொல்கிறார். "களங்கம்" என்ற சொல்லே புத்தகத்தில் இருப்பது. தெருவில் "கெட்ட பேரு", "அசிங்கம்", "நாலு பேரு என்ன சொல்லுவாங்க" என்றுதான் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எடை வேறு.

யாருக்கு எவ்வளவு

இன்னொரு சிக்கல் பெரியது. நம் பக்கத்தில் களங்கம் காரியத்தின் மேல் சமமாக விழுவதில்லை, ஆளைப் பார்த்து விழுகிறது. இதைத் தமிழ்நாட்டிலேயே செய்த ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. லட்சுமி ராமச்சந்தர், பெர்ட்டி பெல்ட்டோ இருவரும் 2002-இல் எழுதியது கிராம சுகாதார செவிலியர்கள் பற்றி. ஊரில் நர்ஸம்மா என்று கூப்பிடுகிறோமே, அவர்கள். மணமான பெண் மூன்றாவது கர்ப்பம் வேண்டாம் என்றால், எங்கே போவது, யாரிடம் போவது என்று வழி சொல்லி இடையில் நிற்பவர்கள் அவர்கள்தான். குடும்பக் கட்டுப்பாட்டை இவ்வளவு காலம் பரப்பிய மாநிலத்தில், "ரெண்டு போதும்னு கலைச்சுக்கிட்டோம்" என்பது அப்படியொன்றும் வெட்கக்கேடு இல்லை. அரசு இடங்களில் அதற்கு ஒரு விலை மட்டும் இருந்தது: கூடவே ஆபரேஷனும் பண்ணிக்கொள்ள வேண்டும் என்ற வற்புறுத்தல்.

செங்கல்பட்டுப் பகுதியில் நீண்ட காலம் பெண்களோடு வேலை செய்த டி.கே. சுந்தரி ரவீந்திரன், பி. பாலசுப்ரமணியனோடு சேர்ந்து 2004-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே விஷயத்தைச் சொல்லிவிடும்: கருக்கலைப்புக்கு 'ஆமாம்', பாலுறவு உரிமைக்கு 'இல்லை'. மணமான பெண் கலைத்துக்கொள்ளலாம், பெரிய தடையில்லை. ஆனால் அந்தக் கர்ப்பம் வராமலிருக்க, படுக்கையில் புருஷனிடம் "வேண்டாம்" என்று சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. கருக்கலைப்பு பற்றி மட்டும் கேட்கும் அளவுகோலில் இப்படிப்பட்ட ஊர் தாராள மனசு உள்ள ஊராகத் தெரியும்!

அதே காரியத்தை மணமாகாதவள், விதவை, புருஷன் வெளிநாட்டில் இருப்பவள் செய்தால் கதையே வேறு. அங்கே ஊர் விசாரிப்பது கருவைப் பற்றி இல்லை, "யாரு?" என்பதைப் பற்றி. ஆதெம்மா காலத்துக் கேள்வியும் இதுவாகத்தான் இருந்திருக்கும். 100-க்கு 3 என்ற எண்ணில் இந்த இரண்டு பெண்களும் ஒரே மௌனத்துக்குள் கிடக்கிறார்கள், ஆனால் இருவரும் பயப்படுவது ஒன்றுக்கு அல்ல.

வாரக் கணக்கு, தூரக் கணக்கு

அப்படியானால் எப்படித்தான் அளப்பது? மனசில் என்ன இருக்கிறது என்று கேட்பதை விட, அந்த மனசு ஒரு பெண்ணை என்ன செய்ய வைக்கிறது என்று பார்ப்பது மேல் என்று எனக்குப் படுகிறது.

பீகாரிலும் ஜார்க்கண்டிலும் இளம்பெண்களிடம் நடந்த ஒரு ஆய்வு 2010-இல் வெளியானது. கருக்கலைப்புக்கு வந்தவர்களில், மணமானவர்களில் 9 சதவீதம் பேர்தான் மூன்று மாதம் கடந்து வந்தவர்கள். மணமாகாதவர்களில் 25 சதவீதம். உடம்பு ஒன்றுதான், மருத்துவமும் ஒன்றுதான். வித்தியாசம் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் கழிந்த வாரங்கள். களங்கத்துக்கு அலகு வேண்டுமென்றால் இதோ, வாரம். ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போக ஆபத்து கூடுகிறது. 2001-03-இல் இந்தியாவின் தாய்மைக்காலச் சாவுகளில் 8 சதவீதம் கருக்கலைப்பு சார்ந்தது என்று பதிவுத் துறையின் ஆய்வு சொன்னது. மருத்துவரிடம் ஆரம்பத்திலேயே போயிருந்தால் இவற்றில் பெரும்பாலானவை நடந்திருக்க வேண்டியதில்லை. எருக்கங்குச்சிக் கதைகள் நம் பாட்டிமார் தலைமுறையில் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அவற்றில் செத்துப்போனவள் "வயித்துவலியில போயிட்டா" என்றுதான் நினைவில் இருப்பாள்.

இரண்டாவது அலகு தூரம். பரவையிலிருந்து திண்டுக்கல் ரோட்டில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் மதுரை. பெரியாஸ்பத்திரியும் அங்கேதான், எத்தனையோ தனியார் ஆஸ்பத்திரிகளும் அங்கேதான். ஆனால் இந்தக் காரியத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் பிரச்சினை. காய்கறி மார்க்கெட்டுக்கு வருகிற யாராவது, மில்லில் கூட வேலை பார்க்கிற யாராவது, வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கலாம். அதனால் தூரமாகப் போக வேண்டியிருக்கிறது. எத்தனை கிலோமீட்டர் தாண்டினால் ஒருத்திக்கு மூச்சு விட முடிகிறதோ, அத்தனை கிலோமீட்டர் களங்கம்.

மூன்றாவது அலகு மருந்துக்கடை. கருக்கலைப்பு மாத்திரை இந்தியாவில் 2002-இல் அனுமதிக்கப்பட்டது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அது கொண்டுவந்த மாற்றத்தை, அதே ராமச்சந்தரும் பெல்ட்டோவும் 2005-இல் "சத்தமில்லாத மாற்றம்" என்று எழுதினார்கள். ஆனால் 2020-இல் வெளியான ஒரு பல மாநில ஆய்வில், தமிழ்நாட்டில் 100 மருந்துக்கடைக்கு 2 கடைகள்தான் அதை வைத்திருந்தன. பாலினத் தேர்வைத் தடுக்கிறோம் என்று கடைகள் மேல் விழுந்த கெடுபிடி அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2015 கணக்கில் ஆறு மாநிலங்களிலேயே கருக்கலைப்பு விகிதம் குறைவாக இருந்தது தமிழ்நாட்டில்தான்: 15 முதல் 49 வயதுள்ள 1,000 பெண்களுக்கு 32.8. அசாமில் 66.2. குறைவான எண்ணைப் பார்த்ததும் நல்ல செய்தி என்று தோன்றும். குடும்பக் கட்டுப்பாடு பரவியதால் குறைந்திருக்கிறதா, கடையில் மாத்திரை இல்லாமல் குறைந்திருக்கிறதா என்று அந்த எண் மட்டும் சொல்லாது.

சட்டம் இப்போது எங்கே நிற்கிறது என்பதையும் எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும். 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும்; குறிப்பிட்ட சில நிலைகளில் இருக்கும் பெண்களுக்கு 24 வாரம் வரை, இரண்டு மருத்துவர்கள். 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம், அந்த 24 வார வரம்பில் மணமானவர், மணமாகாதவர் என்று பிரித்துப் பார்க்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. குடும்பத்தின் சம்மதம், கூடுதல் தாள்கள் என்று சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் கேட்கக் கூடாது என்றும் சொன்னது. 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும். கணவர் கையெழுத்தோ, அப்பா கையெழுத்தோ சட்டத்தில் எங்கேயும் இல்லை. அவள் பெயரை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. அடுத்த குடும்ப நல ஆய்வுக்காரர்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து கேட்கும்போது, 100-க்கு 3 என்பது 5 ஆகிறதா, 10 ஆகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த எண் ஏறினால், கருக்கலைப்பு பெருகிவிட்டது என்று தலைப்புச் செய்தி வரும். நான் அதை வேறு மாதிரிதான் படிப்பேன். கலைத்தோம் என்று பயமில்லாமல் சொல்ல இன்னும் கொஞ்சம் பேருக்கு முடிந்திருக்கிறது என்று.